இஸ்தான்பூல் நாய்கள் சொல்லும் வரலாறு

மர்மரா கடலில், இஸ்தான்பூல் நகருக்குத் தென்கிழக்கே, இளவரசர் தீவுகள் என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அவற்றுள் பெரியவை பைன் மரங்கள் அடர்ந்த பசுமைத் தீவுகள். கோடைக்காலத்தில் நகர மக்கள் சென்று தங்கி இளைப்பாறும் இடங்கள். ஆனால் அக்கூட்டத்தில் ஒரு சிறு தீவு வெறும் பாறை. கடலினின்றும் கூம்பி எழுந்து நிற்கும் அதற்குச் 'சிவ்ரி அடா', அதாவது கூர்முனைத் தீவு, என்று பெயர். மக்கள் அதற்கு இட்டு வழங்கிய பெயர் வேறு: 'ஹயிர்சிஸ் அடா'. நம் இல்லங்களில் 'ஹைர், பரக்கத்' என்று நாம் சொல்லும்போது வரும் அதே 'ஹைர்' என்னும் அரபுச் சொல்தான் அப்பெயரிலும் இருக்கிறது. ஹைர் அற்ற தீவு, நன்மையில்லாத தீவு என்பது அதன் பொருள்.

1910ஆம் ஆண்டில் உதுமானியத் தலைநகரின் தெருநாய்கள் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, படகேற்றப்பட்டு, குடிக்க நீரும் ஒதுங்க நிழலும் இல்லாத அந்தப் பாறையில் விடப்பட்டன. அத்துடன் நகரின் அச்சம் தீர்ந்ததா? தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாய்க்கடியினின்றும் தன் மக்களை ஒரு நகரம் எவ்வாறு காப்பது என்னும் வினா பழையதாயினும், இன்றும் நம் வீட்டு வாசலில் நின்று விடை கேட்கும் வினாவாகவே இருக்கிறது.

மஹல்லாவின் நாய்கள்

பதினாறாம் நூற்றாண்டில், சுல்தான் சுலைமானின் அவைக்கு ஆஸ்திரிய அரச மரபின் தூதராக வந்தவர் புஸ்பெக். துருக்கியர் நாயை அசுத்தமானதாகக் கருதி வீட்டினுள் சேர்ப்பதில்லை என்று அவர் தம் கடிதங்களில் எழுதினார். எனினும் தெருவில் குட்டி ஈன்ற நாய்க்கு எலும்பும் மிச்ச உணவும் கொண்டுபோய் வைப்பதை அவர்கள் நற்செயலாகக் கருதினர் என்பதையும் வியப்போடு பதிந்து வைத்தார். வீட்டிற்குள் இடமில்லை, ஆனால் தெருவில் இடமுண்டு. இதுவே இஸ்தான்பூல் நகரம் பல நூற்றாண்டுகள் கடைப்பிடித்த நெறி.

அந்நாய்களுக்குத் தனி உரிமையாளர் எவருமிலர்; ஆனால் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அதற்கென்று நாய்க்கூட்டம் இருந்தது. தன் தெருவின் மக்களை அது அறியும். அயல்தெரு நாய் எல்லை தாண்டினால் துரத்தியடிக்கும். இரவில் புதியவர் நுழைந்தால் குரைத்துக் காட்டும். நகராட்சி என்ற அமைப்பே இல்லாத காலத்தில் தெருவில் கொட்டப்பட்ட கழிவை உண்டு அகற்றியதும் அவைதாம். சுருங்கச் சொன்னால், மஹல்லா மக்களும் மஹல்லா நாய்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர். எந்த நாய் சாது, எந்த நாய் கடிக்கும் என்பது தெருவாருக்குத் தெரியும். அந்த அறிவே அக்காலத்துப் பாதுகாப்பாக இருந்தது.

மார்க்கச் சட்டம் வகுத்த எல்லை

இவ்வழக்கத்தின் பின்னணியில் இஸ்லாமியச் சட்டச் சிந்தனை இருந்தது. நாயின் உமிழ்நீர் அசுத்தம் என்பது உதுமானியர் பின்பற்றிய ஹனஃபி மத்ஹபின் முடிவு. நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் அதன் உடல் முழுவதுமே நஜீஸ். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபோ உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கொள்கிறது. தூய்மை பற்றிய இக்கருத்து வேறுபாடு ஒருபுறமிருக்க, இரக்கம் பற்றி வேறுபாடில்லை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் முகந்து தந்தவரை இறைவன் மன்னித்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன வரலாற்றை அறியாத முஸ்லிம் குடும்பம் இராது.

ஆயினும் இரக்கத்தின் பெயரால் ஆபத்தைக் காணாதிருக்கச் சொல்லவில்லை மார்க்கம். இஹ்ராம் அணிந்தவர் நிலத்தில் வாழும் உயிர்களை வேட்டையாடலாகாது. அந்நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று 'அல்கல்புல் அகூர்', அதாவது கடித்துக் குதறும் நாய். மனிதரைத் தாக்கி அச்சுறுத்தும் சிங்கம், சிறுத்தை, ஓநாய் போன்றவற்றையும் இச்சொல் தழுவும் என்று இமாம் மாலிக் விளக்கம் தந்தார். மதீனாவில் நாய்களைக் கொல்லுமாறு ஒரு கட்டத்தில் இடப்பட்ட ஆணை பின்னர் நிறுத்தப்பட்டதையும், வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டதையும் ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. ஆகவே நாயென்ற இனம் முழுவதையும் ஒரே தராசில் நிறுக்காமல், தீங்கு செய்யும் நாயைப் பிரித்தறிந்து நடவடிக்கை எடுப்பதே நெறியாயிற்று.

இந்நெறி எழுத்து வடிவில் நாட்டுச் சட்டமாகவும் ஆயிற்று. அஹ்மது ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற உதுமானியக் குடிமைச் சட்டமான 'மஜல்லா'வின் 929ஆம் விதி இது பற்றிப் பேசுகிறது. விலங்கு தானாக விளைத்த சேதத்திற்கு உரிமையாளர் பொதுவாகப் பொறுப்பாகமாட்டார். ஆனால் முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்ற தீங்கு வெளிப்படையாகத் தெரிந்த விலங்காயின் நிலை வேறு. மஹல்லாவாசியோ ஊர்க்காரரோ ஒருவர், 'உன் விலங்கைக் கட்டி வை' என்று எச்சரித்த பின்னும் அவர் அதை அவிழ்த்து விட்டு, அது பிறர் உடைமையை அழித்தால் ஈடு செய்தே ஆகவேண்டும்.

எவ்வளவு எளிய விதி! காவல் அதிகாரி வேண்டா, முத்திரைத் தாள் வேண்டா; பக்கத்து வீட்டுக்காரரின் எச்சரிக்கை ஒன்றே பொறுப்பை உண்டாக்கிவிடுகிறது. ஆனால் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. எச்சரிப்பதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கவேண்டும். எவருக்கும் சொந்தமில்லாத தெருநாய் கடித்தால் யாரை எச்சரிப்பது? யாரிடம் ஈடு கேட்பது? மஹல்லா கட்டுக்கோப்பாக இருந்தவரை இக்கேள்வி பெரிதாக எழவில்லை. நகரம் பெருகி, ஊருக்குப் புதியவர்கள் நிறைந்து, மஹல்லாவின் பிடி தளர்ந்தபோது எழுந்தது.

பாரிசுக்குச் சென்ற மூவர்

1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் பாரிசில் தடுப்பூசி போட்டார். சிறுவன் பிழைத்தான். நோய் முற்றி நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் மரணம் உறுதி என்றிருந்த கொடிய பிணிக்கு முதன்முறையாக ஒரு காப்புக் கிடைத்தது.

இச்செய்தியின் அருமையை உடனே உணர்ந்த ஆட்சியாளர்களுள் ஒருவர் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது. அவர் 1886இல் மூவர் குழுவொன்றைப் பாரிசுக்கு அனுப்பினார். மருத்துவர் சோயிரோஸ் பாஷா, மருத்துவர் ஹுசைன் ரம்சி, கால்நடை மருத்துவர் ஹுசைன் ஹுஸ்னி ஆகியோர் அம்மூவர். பாஸ்டருக்கு மஜீதிய்யா விருதும், அவருடைய ஆய்வுக்கூடத்திற்குப் பத்தாயிரம் பிராங்கு நன்கொடையும் அவர்கள் எடுத்துச் சென்றனர். அங்கேயே தங்கிப் பாஸ்டரின் முறையைக் கற்றுத் திரும்பினர். 1887இல் இஸ்தான்பூலில் வெறிநாய்க்கடி மருத்துவ நிலையம் தொடங்கப்பெற்றது. ஐரோப்பாவின் பெருநகரங்கள் பலவற்றிற்கும் முன்னதாகவே அந்நகரம் இவ்வசதியைப் பெற்றுவிட்டது. 1903இல், இந்நோயை உண்டாக்கும் நுண்கிருமி மிக நுண்ணிய வடிகட்டியையும் ஊடுருவிச் செல்லக்கூடியது என்னும் உண்மை இந்நகரில்தான் நிறுவப்பட்டது. அதனை நிறுவியவர்கள், நிலையத்தின் இயக்குநராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் ரெம்லிஞ்சரும் அவருடைய துணைவர் ரிஃபத் பேயும் ஆவர்.

கடிபட்டவரைக் காக்கும் அறிவியல் நகருக்குள் வந்துவிட்டது. கடிக்கும் நாயை என்ன செய்வது என்பதற்கு மட்டும் விடை வரவில்லை.

மக்கள் எதிர்ப்பு

1910இல் நடந்தது முதல் முயற்சியன்று. சுல்தான் இரண்டாம் மஹ்மூது காலத்திலும், சுல்தான் அப்துல் அஜீஸ் காலத்திலும் நாய்களைத் தீவுக்கு அனுப்பும் முயற்சிகள் நடந்து, மக்களின் மனக்கசப்பால் கைவிடப்பட்டன. 1867இல் இஸ்தான்பூலுக்கு வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் பயண நூலில் இதைக் குறிப்பிடுகிறார். நாய்களைக் கொல்வதென்றதும் மக்கள் கூக்குரலிட்டனராம். தீவுக்கு அனுப்புவதென்றதும் அமைதியாயினராம். படகேறிய நாய்கள் தீவைச் சேராமல் இரவோடிரவாகக் கடலில் விழுந்து மடிந்த செய்தி பரவியதும் மீண்டும் கூக்குரல் எழ, திட்டம் நின்றதாம்.

இவ்வுணர்வு துருக்கியருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் பம்பாய் நகரில் 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே போன்ற கிளர்ச்சி நிகழ்ந்தது. தெருநாயைக் கொல்வோருக்குத் தலைக்கு எட்டணா வெகுமதி என்று கும்பினி அதிகாரிகள் அறிவித்திருந்தனர். காசுக்கு ஆசைப்பட்டு, வீட்டு நாயையும் விடாமல் அடித்துக் கொன்றனர். நாயைப் புனிதமாகப் போற்றும் பார்சிகள் முதலில் வீதிக்கு வந்தனர். இந்துக்களும் ஜைனரும் முஸ்லிம்களும் அவர்களோடு சேர்ந்து கடையடைத்தனர். கோட்டைப் பகுதி இயங்காது நின்றது. முடிவில், கொல்வதற்குப் பதில் நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதென்று அதிகாரிகள் இறங்கி வந்தனர். நாய் பற்றிய ஆணை, ஆள்வோருக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள நம்பிக்கையைச் சோதிக்கும் ஆணையாகவும் ஆகிவிடுகிறது என்பதற்கு இவ்விரு நகரங்களும் சான்று.

ஹைர் அற்ற தீவில்

1908இல் இளந்துருக்கியர் புரட்சி வென்றது. 1909இல் அப்துல் ஹமீது அரியணை இழந்தார். புதிய ஆட்சியாளர் தலைநகரை ஐரோப்பிய நகரங்களைப் போல மாற்ற விரும்பினர். தெருவின் நடுவே படுத்துறங்கும் நாய்கள் அவர்கள் கண்ணுக்குப் பழமையின் அடையாளமாகவும், அயல்நாட்டார் முன் அவமானமாகவும் தோன்றின. கடியும் நோயும் பற்றிய அச்சம் உண்மையே. ஆனால் அந்த அச்சத்தைவிட அவமான உணர்வு முந்திக்கொண்டது என்றே தோன்றுகிறது.

மருத்துவர் ரெம்லிஞ்சர் ஒரு திட்டம் தந்தார். நாய்களை நச்சுவாயு அறைகளில் கொன்று, தோலும் கொழுப்பும் எடுத்து விற்று வருவாய் ஈட்டலாம் என்பது அது. அரசு அதனை ஏற்கவில்லை. கொல்லும் பழி தன்மேல் வரலாகாது என்று கருதியதோ என்னவோ, நாய்களைப் பிடித்துத் தீவில் விட்டுவிடுவதென்று முடிவு செய்தது. விடப்பட்டவை முப்பதாயிரம் என்பாரும் எண்பதாயிரம் என்பாரும் உளர். தீவில் உணவில்லை; ஊற்று நீரில்லை. பசி மேலிட்டு ஒன்றையொன்று கடித்துத் தின்றன. அவ்வழிச் செல்லும் படகுகளை நோக்கிக் கடலில் நீந்தி மூழ்கின. காற்று வீசும் இரவுகளில் அவற்றின் ஊளை கரையிலிருந்தோருக்குக் கேட்டதென்றும், பின்னர்ப் பிணநாற்றமும் வந்ததென்றும் அக்காலத்தோர் எழுதி வைத்தனர். அடுத்து வந்த நிலநடுக்கத்தையும் பால்கன் போர்த் தோல்வியையும் அவ்வாயில்லாச் சீவன்களின் சாபம் என்று மக்கள் பேசிக்கொண்டனர்.

சாபத்தை விட்டுவிடுவோம், பயனைப் பார்ப்போம். 1912இல் நகராட்சித் தலைவர் பொறுப்பேற்ற அறுவை மருத்துவர் ஜமீல் பாஷா, தாம் வந்தபோது நகரில் இருந்த முப்பதாயிரம் நாய்களைச் சிறுகச் சிறுக ஒழித்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தீவுக்கு அனுப்பி இரண்டே ஆண்டுகளில் மீண்டும் முப்பதாயிரம்! ஒழித்ததாக அவர் எழுதிய பின்னரும் இஸ்தான்பூல் நாயற்ற நகரமாகிவிடவில்லை.

இதற்குக் காரணம் மாயமன்று. தெருவிலிருந்து நாயை அகற்றினாலும் குப்பை அகலவில்லை. உணவு இருக்குமிடத்தை நாடி அண்டைப் பகுதி நாய்கள் வருகின்றன. போட்டி குறைந்த இடத்தில் குட்டிகள் மிகுதியாகப் பிழைக்கின்றன. மேலும், தெருவாருக்குப் பழகிய நாய் போய், எவரையும் அறியாத நாய் அவ்விடத்தைப் பிடிக்கிறது. மஹல்லாவின் பழைய பாதுகாப்பு எதில் இருந்ததோ அந்த அறிமுகமே அறுந்துபோகிறது.

பொறுப்பை ஏற்றல்

ஒரே நகரம், இரண்டு விடைகள். பாரிசுக்கு மூவரை அனுப்பியபோது அரசு ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டது. கற்றுத் திரும்பி, நிலையம் அமைத்து, ஆண்டுதோறும் பணம் செலவிட்டு நடத்தியது. படகில் நாய்களை ஏற்றியபோது அரசு ஒரு பொறுப்பைக் கைகழுவியது. முன்னது மெதுவான வேலை. அது உயிர்களைக் காத்தது. பின்னது விரைவான வேலை. அது வடுவை மட்டும் விட்டுச் சென்றது.

இன்றைய அறிவியலும் இதையே உறுதிப்படுத்துகிறது. வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகக் கணக்கிடுகின்றனர். கடிபடுவோருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர். ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்தால் நோய் பரவுவது அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இவ்வழியே பல்லாண்டு உழைத்த மெக்சிகோ, நாய்வழி வெறிநோயால் மனிதர் சாவதை ஒழித்த நாடென்று 2019இல் அந்நிறுவனத்தின் சான்று பெற்றது.

துருக்கியும் 2004இல் 5199ஆம் எண் சட்டத்தின் வாயிலாக இவ்வழிக்கு வந்தது. நாயைப் பிடித்து, இனப்பெருக்கத் தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது சட்டம். சட்டம் நல்லது, ஆனால் ஊராட்சிகள் பல அதற்கு வேண்டிய பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கவில்லை. நாய்கள் நாற்பது இலட்சம் வரை பெருகியதாக அரசே கூறும் நிலை வந்தது. குழந்தைகள் கடிபட்டனர்; கடிக்குத் தப்பி ஓடிச் சாலை வாகனத்தில் அடிபட்டு மாண்டோரும் உண்டு. அவர்களின் பெற்றோர் எழுப்பிய குரலும் நீதியின் குரலே. அதன் விளைவாக 2024 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும். மனிதருக்கு ஆபத்தானவற்றையும் தீரா நோயுற்றவற்றையும் கொல்லலாம். காப்பகங்கள் அமைக்க 2028 இறுதிவரை ஊராட்சிகளுக்குத் தவணை. காப்பகம் இன்னொரு ஹைர் அற்ற தீவாகிவிடுமோ என்று அஞ்சியோர் 1910ஐ நினைவூட்டி வீதிகளில் திரண்டனர்.

நம் நாட்டு நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. பாஸ்டரின் முறை 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் வாயிலாகத் தமிழகத்திற்கு வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் பலர் இருந்தனர்; இன்று கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தும் தெருக்கள் நாயின்றி இருந்ததில்லை. 1996 முதல் கருத்தடை அறுவைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்குமாறு உச்சநீதிமன்றத்தின் அமர்வு ஒன்று ஆணையிட்டது. அதே மாதத்தில் மற்றோர் அமர்வு அதனை மாற்றி, வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமானவையும் தவிர ஏனையவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அகூரைப் பிரித்தறியும் பழைய நெறி இங்கும் தலைகாட்டுவதைக் காண்கிறோம்.

சுப்ஹுத் தொழுகைக்கு இருளில் தனியே நடந்து செல்லும் முதியவரிடமும், விடியலில் மதரஸாவுக்குப் போகும் சிறுமியிடமும் இரக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு அச்சமற்ற தெரு வேண்டும். அதைத் தரும் கடமை மூவருக்கு உண்டு. நாய் வளர்ப்பவர் கட்டி வளர்க்கவும் ஆண்டுதோறும் ஊசி போடவும் கடமைப்பட்டவர். தெருவார் குப்பையைத் தெருவில் கொட்டாதிருக்கவும், கடிக்கும் நாயைப் பற்றி உரியவரிடம் முறையிடவும் கடமைப்பட்டவர். ஊராட்சியோ, உரிமையாளர் இல்லாத நாய்க்குத் தானே உரிமையாளர் என்று கொண்டு, ஊசியும் அறுவையும் தவறாமல் நடத்தக் கடமைப்பட்டது. கடிபட்டால் வீட்டார் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ அறிந்த வீடு, கடிவாயை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவவும், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரையவும் அறிந்திருக்க வேண்டும். கீறல்தானே என்று இருந்துவிடலாகாது.

முட்டும் மாட்டையும் கடிக்கும் நாயையும் கட்டி வைக்கும்படி மஜல்லாவின் விதி உரிமையாளரை எச்சரிக்கச் சொன்னது. தெருநாய்க்கு இன்று ஊராட்சியே உரிமையாளர் என்றால், எச்சரிக்க வேண்டிய மஹல்லாவாசிகள் நாம்தாம்.